மூன்று எழுத்தில் மூழ்கிய மனிதர்

“ரீச்சர், இதிலை அவர் செத்தவரோ, ஓடினவரோ எண்டு போட்டிருக்கோ? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. மற்றதொண்டும் எனக்குத் தேவையில்லை.”

கோப்பாயில் என் தட்டச்சு வகுப்பு. காலை நேரம். ஆறு பழைய ரைப்ரைட்டர்கள் ஒன்றாகத் தடதடத்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு மேலால் கேட்க வேண்டுமென்று கத்தித்தான் அந்த அம்மா இதைச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், பிள்ளைகள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். ஊர்க் கதை என்றால் அவர்களுக்கு விரல் தானாக நின்றுவிடும்.

“ஆர் செத்தது? ஆர் ஓடினது? முதல் உள்ளுக்கு வந்து இருங்கோ அம்மா” என்றேன்.

“என்ரை அவர்” என்றார்.

அவர் இருக்கவில்லை. வெள்ளைச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி வாசலிலேயே நின்றார். வழியில் கடந்து வந்த வல்லை வெளிப் புழுதி சேலைக் கரையில் ஒட்டியிருந்தது. பொருளாதாரத் தடையால் மினிபஸ்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. இறங்கி வருகிற எல்லோரிலும் குப்பி விளக்கு மணக்கும். அவரிலும் மணத்தது.

போன கிழமை இந்தப் பக்கத்தில், ரைப்ரைட்டர் ரிபன் கிடைக்காத நாட்களில் பழைய ரிபனுக்கு எண்ணெய் தடவி உயிர் கொடுத்த கதையை எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். “ரிபன் கிடக்கட்டும் ரீச்சர், அந்த எஸ்.ஓ.எஸ். அம்மாவை ஏன் இன்னும் எழுதேல்லை?” என்று சண்டைக்கு வந்தாள். அன்று விரலை நிறுத்திவிட்டு வாய் பார்த்தவர்களில் இவளும் ஒருத்தி. சரி, எழுதிவிடுகிறேன்.

கோழி கிளறின எழுத்து

அந்த அம்மாவின் பெயர் சிவபாக்கியம். வடமராட்சிக் கரையோரத்தில் கடலோடிக் குடும்பம். கடற்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கிய பிறகு, உடுப்பிட்டியில் தன் பெறாமகன் வீட்டில், அதாவது தமக்கையின் மகன் வீட்டில், வந்து இருந்தார். சொந்த மகள் ஒருத்தி. அவள் லண்டனில்.

பாக்கியம் அம்மாவின் கணவர் இராசதுரை இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துப் பக்கம் போனவர். போகும்போது இவருக்குப் பத்தொன்பது வயது. மகள் தவழுகிற பிள்ளை. போனவர் திரும்பி வரவில்லை.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு மகள், பழைய பட்டாளத்துப் பதிவுகளை வைத்திருக்கிற கந்தோர் ஒன்றைத் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறாள். மனைவி உயிரோடு இருந்தால் அவருக்குத்தான் அனுப்புவோம் என்று பதில் வந்ததாம். அனுப்பியும் விட்டார்கள். கடித உறை எத்தனை கை மாறி, எத்தனை இடத்தில் கிழித்து ஒட்டப்பட்டு வந்ததோ தெரியாது. முத்திரை இருந்த இடத்தில் முத்திரை இல்லை.

“பெறாமகன் இங்கிலீசு படிச்சவன். அவனட்டைக் குடுத்தன். பாத்திட்டு, இது இங்கிலீசே இல்லை எண்டிட்டான்.”

வாங்கிப் பார்த்தேன். பெறாமகன் சொன்னதில் பிழையில்லை. போட்டோக் கொப்பி எடுத்த நாலு பக்கம். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து. திகதி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் புள்ளி வைத்த எழுத்துகள் இருக்கின்றன. அவ்வளவுதான். நாலு பக்கத்திலும் தேடி ஒரு முழு வசனத்தை என்னால் காண முடியவில்லை. ஒரு வினைச்சொல்லாவது இருக்க வேண்டாமா?

எனக்கு உடம்பெல்லாம் உசாராகிவிட்டது. உண்மையைச் சொன்னால் என்ன? பிறத்தியாரின் துக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல, விடுப்பு அறிகிற ஆவல்தான். நான் கொழும்பில் கப்பல் கம்பனி ஒன்றில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உடுத்த சேலையோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கும் வரைக்கும் அதுதான் என் சீவியம். சுருக்கெழுத்தைக் கண்டால் அதை விரித்துப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

“வெள்ளிக்கிழமை வாங்கோ அம்மா. அதுக்குள்ளை நல்ல முடிவாய்ச் சொல்லுறன்” என்றேன்.

“நல்ல முடிவு வேண்டாம் ரீச்சர். உள்ளதைச் சொல்லுங்கோ.”

தண்டையல் வாசித்த துண்டு

அதன்பிறகுதான் அவர் உள்ளே வந்து இருந்தார். ஒரு தேத்தண்ணியும் கடிக்கப் பனங்கட்டித் துண்டும் கொடுத்தேன். பிள்ளைகளை அடிக்கச் சொன்னேன். ஒருத்தியும் ஒழுங்காக அடிக்கவில்லை.

பாக்கியம் அம்மாவின் ஐயா, அதாவது தகப்பனார், ஒரு தண்டையல். பாய்க்கப்பல் ஓட்டி நாகபட்டினம், ரங்கூன் என்று போய்வந்த மனிதர். மருமகனிடமிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்த கடிதம் ஒருநாள் நின்றுபோக, ஐயா ஆளைப் பிடித்து இங்கிலீசில் மனு எழுதுவித்து, மருமகன் இருந்த பட்டாளப் பிரிவுக்கே அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, வைகாசி முடிகிற நேரம் ஒரு சின்னத் துண்டு வந்தது. அதில் மருமகனின் இலக்கமும் பெயரும் இருந்தன. பிறகு அந்த மே மாதத்துத் திகதி ஒன்று. அதற்கு முன்னால் மூன்று எழுத்து. எஸ்.ஓ.எஸ்.

தண்டையலுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த மூன்று எழுத்தும் தெரியும். கடலில் போகிற எவனுக்கும் அது தெரியும். கப்பல் தாழப்போகிறது, காப்பாற்றுங்கள் என்று அடிக்கிற தந்தி. வேறு எந்த ஊரிலென்றாலும் அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஓடியிருப்பார்கள். எங்கள் கடலோடிகளுக்கு அதற்கு அவசியம் இருக்கவில்லை.

“ஐயா முத்தத்திலை நிண்டு வாசிச்சவர். எஸ், ஓ, எஸ் எண்டு சத்தமாய்ச் சொன்னார். பிறகு, ‘பிள்ளை, கப்பல் தாண்டுபோட்டுது’ எண்டார். அவ்வளவுதான்.”

உடம்பு இல்லாத சாவு. தர்ப்பைப்புல்லில் உருச் செய்து எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்தார்கள். அடுத்த வருஷம் தொடங்கி வைகாசி வைகாசியாகத் திவசம்.

இதோடு முடிந்திருந்தால் பாக்கியம் அம்மா பஸ் ஏறி என்னிடம் வந்திருக்க மாட்டார். யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர், தொண்டைமானாற்றுப் பக்கம், சந்தையில் வைத்து ஒரு கதை சொல்லிவிட்டார். ஆடி மாதம் போல கெய்ரோவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இராசதுரையைக் கண்டாராம். சிரித்துக் கதைத்தாராம்.

வைகாசியில் கடலில் தாழ்ந்த மனிதர் ஆடியில் எப்படித் தேத்தண்ணி குடிப்பார்? வடமராட்சிச் சனம் கணக்கில் கெட்டிக்காரர். மனிதர் சாகவில்லை, பெண்சாதி பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று உடனே தீர்த்துவிட்டார்கள். முதலில் தேத்தண்ணிக் கடையில் தனியாக இருந்தவருக்குப் பக்கத்தில், கதை நெல்லியடிக்கு வரும்போது ஒரு வெள்ளைக்காரி வந்து இருந்துவிட்டாள். பருத்தித்துறைக்குப் போய்ச் சேரும்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

“ஆருக்கும் வாய் திறந்து மறுமொழி சொல்லேலாது ரீச்சர். இவ்வளவு வருசமாய்த் திவசம் குடுக்கிறன். குடுக்கேக்கை எல்லாம் ஒரே யோசினை. மனிசன் எங்கையோ இருந்து சோறு தின்ன, நான் இஞ்சை பிண்டம் வைக்கிறனோ எண்டு. சாக முந்தி எனக்கு இதொண்டு தெரியவேணும்.”

சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். கழுவ வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

எழுத்துக்குள் இருந்த சனம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சுருக்கெழுத்து எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. எங்கள் அப்பு, கொழும்புக் கடைப் பற்றுச்சீட்டுகளின் அடியில் ‘ஈ. அன்ட் ஓ.ஈ.’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் லண்டனில் படித்து எடுத்த பட்டம் என்று நினைத்திருந்தவர். பிழைவிட்டிருந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்பதுதான் அதன் கருத்து என்று நான் வேலைக்குப் போனபின் சொன்னேன். “அது பட்டத்தைவிட நல்லாய் இருக்கே” என்றார்.

நானே சின்ன வயதில், எங்கள் பள்ளிக்கூடப் பலகையில் இருந்த ‘அ.த.க. பாடசாலை’ என்பதில் அ.த.க. என்பது பள்ளிக்கூடத்தைக் கட்டித்தந்த யாரோ ஒரு முதலாளியின் பெயர் என்று நம்பியிருந்தேன். அரசினர் தமிழ்க் கலவன் என்று தெரியவந்தபோது அவ்வளவு ஏமாற்றம். அந்த முதலாளிக்கு நான் மனதுக்குள் ஒரு மீசையும் வைத்திருந்தேன்.

பிறகு யுத்தம் வந்தது. இயக்கங்களுக்கு எழுத்து, முகாம்களுக்கு எழுத்து, நிவாரணம் தருகிறவர்களுக்கு எழுத்து. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஒருநாள், “எங்கடை ஆக்கள் சாகிறதுகூட எழுத்திலைதான் ரீச்சர்” என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கிடக்கட்டும். கதைக்கு வருகிறேன்.

நாலு தரம்

அன்று பின்னேரம் வகுப்பைக் கெதியாக முடித்தேன். கிணற்றடியில் வெளிச்சம் நல்லாக இருக்கும். அங்கே கதிரையைப் போட்டுக்கொண்டு அந்த நாலு பக்கத்தையும் மடியில் விரித்தேன்.

முதலில் எஸ்.ஓ.எஸ். எங்கே என்று தேடினேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதே மே மாதம். சரி, தண்டையல் பொய் சொல்லவில்லை. மனம் ஒரு மாதிரிப் போய்விட்டது. கடல்தான் போலிருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாம் பக்கத்திலும் எஸ்.ஓ.எஸ். இருந்தது!

“என்னடா இது” என்று வாய்விட்டே சொன்னேன். முதலாம் பக்கத்துக்குப் போனேன். அங்கே, மனிதர் கொழும்பைவிட்டுப் புறப்படவே இல்லை, அதற்குள் ஒரு எஸ்.ஓ.எஸ். நாலாம் பக்கத்தில் கடைசியாக ஒன்று. எல்லாமாக நாலு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மனிதன் நாலு தரம் கப்பலோடு தாழுவானா? அதுவும் முதல் தரம் கொழும்புத் தரையில் நின்றபடி!

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. முதல் பக்கங்களில் ஒவ்வொரு எஸ்.ஓ.எஸ்ஸுக்கும் அடுத்த வரியில், அதே திகதியில், ரி.ஓ.எஸ். என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறொரு பிரிவின் இலக்கம். கப்பல் கம்பனியில் சாமான் பதிவு எழுதிய எனக்கு இது பிடிபட நெடுநேரம் எடுக்கவில்லை. ஒரு களஞ்சியத்தில் கழித்தால் இன்னொரு களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். மனிதரையும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எஸ்.ஓ.எஸ். என்றால் இந்தப் பிரிவின் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. ரி.ஓ.எஸ். என்றால் அந்தப் பிரிவின் பட்டியலில் சேர்த்தாயிற்று. வைகாசியில் இராசதுரை கடலுக்குள் போகவில்லை. ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறிப்போயிருக்கிறார். பழைய பிரிவு, ஆள் இப்போது எங்களிடம் இல்லை என்று மாமனாருக்கு நேர்மையாக மறுமொழி அனுப்பியிருக்கிறது.

நான் கதிரையைவிட்டு எழும்பிக் கிணற்றைச் சுற்றி நடந்தேன். அப்படியொரு புளுகம், சந்தோஷம் எனக்கு. தொண்டைமானாற்று மனிதர் சொன்ன தேத்தண்ணிக் கடையும் மெய்தான்.

அதற்குப் பிறகுதான் கடைசிப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். அந்த நாலாவது எஸ்.ஓ.எஸ்ஸுக்கு மட்டும் சோடி இல்லை. கழித்திருக்கிறார்கள். எங்கேயும் ஏற்றவில்லை. பெப்ரவரித் திகதி. பக்கத்துக் கட்டத்தில் ஒற்றை எழுத்து, டி. அதற்கு மேல் வரியில் டி.ஐ. என்று இருந்தது. எனக்கு டி.ஐ. என்றால் ட்ரில் இன்ஸ்ட்ரக்டர், படைப்பயிற்சி வாத்தியார். மனிதர் வாத்தியாராக உயர்ந்திருக்கிறார். பிறகு ஒற்றை டி. பட்டாளத்தைவிட்டு ஓடினவனை டெசர்ட்டர் என்பார்களே, அதுவோ?

அப்படியென்றால் ஊர் சொன்னது சரி. எனக்கு அந்த மனிதரில் பற்றிக்கொண்டு வந்தது. பதவி உயர்வும் எடுத்துக்கொண்டு, பெண்சாதி பிள்ளையையும் மறந்து எங்கே போய்த் தொலைந்தாய் என்று அந்தக் கடதாசியைப் பார்த்தே ஏசினேன். பாக்கியம் அம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை.

சிங்கப்பூராரும் பங்கரும்

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு பென்சனியர் இருந்தார். சிங்கப்பூரில் பட்டாளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கிளார்க்காக இருந்து வந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் சிங்கப்பூரார். சட்டைப்பையில் பேனை இல்லாமல் கோயிலுக்கும் போகமாட்டார். சீனி இல்லாத தேத்தண்ணியை ஒரு தேசத்துரோகம் மாதிரிப் பார்ப்பார். அவரிடம் போனால் விளக்கம் பாதி, பெருமை பாதி கிடைக்கும். வேறு வழியில்லை, அடுத்த நாள் காலையே போனேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினார். எஸ்.ஓ.எஸ். பற்றி நான் கண்டுபிடித்ததைச் சொன்னபோது, “ஸ்ட்ரக் ஓஃப் ஸ்ட்ரெங்த். உது ஒரு பெரிய கண்டுபிடிப்போ பிள்ளை? நான் ஒரு நாளைக்கு நூறு எழுதினனான்” என்றார். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அவர் மூன்றாம் பக்கத்துக்கு வரவும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. கடதாசியையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு முற்றத்துப் பங்கருக்குள் இறங்கினோம். மேலே அது சுற்றிக்கொண்டிருந்தது. பங்கருக்குள் பனங்குற்றி ஈரமாக மணத்தது. சிங்கப்பூரார் வாயிலால் வந்த வெளிச்சத்தில் கடதாசியைப் பிடித்துக்கொண்டு படிப்பை விடவில்லை.

“ட்ரில் இன்ஸ்ட்ரக்டர் எண்டு ஆர் சொன்னது?”

“நான்தான் ஐயா நினைச்சனான்.”

“விசர்க் கதை! இஞ்சை பார், இவரை எடுத்துச் சேத்த இடம் என்ன? பி.ஜி.எச். உது படைப்பிரிவு இல்லை, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியிலை கிடக்கிறவன் ஆருக்குப் பிள்ளை ட்ரில் பழக்கிறது?”

நான் அந்த வரியை மறுபடி எட்டிப் பார்த்தேன்.

“டி.ஐ. எண்டால் டேஞ்சரஸ்லி இல். உயிருக்கு ஆபத்து எண்ட பட்டியல். அந்தப் பட்டியலிலை பேர் ஏறினால் உடனை வீட்டுக்குத் தந்தி போகவேணும். அதுதான் பக்கத்திலை என்.ஓ.கே. எண்டு போட்டிருக்கு. நெக்ஸ்ற் ஒஃப் கின். கிட்டின உறவுக்கு அறிவிச்சது எண்டு.”

“அப்ப கடைசியிலை இருக்கிற டி?”

எங்கேயோ தூரத்தில் குண்டு விழுந்தது. பங்கர் கூரையிலிருந்து மண் கொட்டியது. அவர் கடதாசியில் விழுந்த மண்ணை ஊதினார்.

“டைட். செத்தது. ஓடினவனுக்கு எண்டால் பக்கம் பக்கமாய் எழுதியிருப்பாங்கள், பிடிக்கவேணுமெல்லே. சாவுக்கு வெள்ளைக்காரன் ஒரு எழுத்துக்கு மேலை செலவழிக்க மாட்டான்.”

இந்தக் கடைசி வசனத்துக்காக அவருடைய மற்றப் பெருமையெல்லாவற்றையும் நான் மன்னித்துவிட்டேன்.

உடுப்பிட்டியில்

வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்க என்னால் முடியவில்லை. அடுத்த நாளே சைக்கிளை எடுத்தேன். வல்லை வெளியில் எதிர்க்காற்று. பாதித் தூரம் உருட்டிக்கொண்டுதான் போனேன். உப்புக்காற்றில் உதடு எரிந்தது. போகிற வழியெல்லாம் எங்கேயிருந்து தொடங்குவது என்று யோசித்தேன்.

பாக்கியம் அம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. கையை மட்டும் சேலையில் துடைத்தார்.

“சொல்லுங்கோ ரீச்சர்.”

“ஓடேல்லை அம்மா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்து வரி வரியாகச் சொன்னேன். கடலில்லை, கப்பலில்லை. வைகாசியில் பிரிவு மாறினார். மார்கழி போல வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். உயிருக்கு ஆபத்து என்று உறவுக்கு அறிவித்தார்கள், தந்தியாகத்தான் வந்திருக்கும். மாசியில் அங்கேயே செத்தார்.

“வேறை ஆற்றையும் பேர் கிடக்கோ?”

“இல்லை. மனைவி எண்டு உங்கடை பேர்தான் கடைசி வரைக்கும் கிடக்கு. ஒருக்காலும் மாத்தேல்லை.” காட்டினேன். எழுதினவன் சிவபாக்கியத்தைச் சிவபாக்கி என்று அரைவாசியில் விட்டிருந்தான்.

“அவர் சொல்லிக்குடுத்திருப்பார். பாக்கி, பாக்கி எண்டுதான் கூப்பிடுறவர்” என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. மிளகாய்களைக் கையால் பரவியபடி மாதங்களை வாய்க்குள் எண்ணினார். வைகாசி, ஆனி, ஆடி.

“வைகாசியிலை எனக்குப் பொட்டை அழிச்சவை ரீச்சர். பெண்டுகள் நாலு பேர் பிடிச்சுக் கிணத்தடியிலை இருத்தித் தண்ணி வார்த்தவை. தாலியைக் கழட்டினவை. அவர் அப்ப இருந்தவர்.”

“ஓம் அம்மா.”

“அவர் இருக்கேக்கை.”

 வல்லை வெளியில் யோசித்துக்கொண்டு வந்த எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நல்ல செய்தி கொண்டுவருகிறேன் என்றல்லவா சைக்கிள் உழக்கினேன்!

அவர் மறுபடி மிளகாயைப் பரவத் தொடங்கினார். “அந்தத் தந்தி... மாசியோ பங்குனியோ, ஐயா ஒழுங்கை முடக்கிலை தபால்காரனோடை நிண்டவர். வந்து சோறு வேண்டாம் எண்டிட்டார். அதுக்குப் பிறகு ஐயா என்ரை முகத்தைப் பாத்துக் கதைச்சதை நான் காணேல்லை.”

தந்தி வந்ததா, அது அந்தத் தந்திதானா, ஐயா அதை மறைத்தாரா, எனக்குத் தெரியாது. தண்டையல் செத்துக் கனகாலம். அவரிடம் கேட்கவும் முடியாது, அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. 

வைகாசி பிறந்தது

அது நடந்தது சித்திரையில். வைகாசி பிறந்து இரண்டொரு நாள் இருக்கும். என் வகுப்பில் ஆறு ரைப்ரைட்டரும் மறுபடி ஒன்றாக நின்றன. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் பாக்கியம் அம்மா. பச்சை நூல் சேலை. நெற்றியில் ஒரு சதக் குற்றிக் காசு அளவில் குங்குமம்.

“என்னம்மா இது?” என்றேன். 

“வைகாசி பிறந்திட்டுது ரீச்சர்.”

இந்தத் தரம் கேட்காமலே வந்து இருந்தார். தேத்தண்ணியும் வாங்கிக் குடித்தார். பெறாமகன் வீட்டில் முகம் கொடுத்துக் கதைக்கிறார்கள் இல்லையாம். பெறாமகனின் பெண்சாதி, உங்களுக்கு விசரோ, ஊர் சிரிக்குது என்று கத்தினாளாம். கோயிலில் ஐயர் விபூதியைத் தந்துவிட்டுக் குங்குமத் தட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டாராம்.

“நான் கையை நீட்டி எடுத்துப்போட்டன்” என்றார்.

“சனம் கேட்டால் என்ன சொல்லுறியள்?”

“என்ன சொல்லுறது? அவர் மாசி வரைக்கும் இருப்பார் எண்டு சொல்லுறன்.”

பிள்ளைகளில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. 

இராசதுரை இருந்தார். ஆடி, ஆவணி, மழைக்காலம், தைப்பொங்கல் எல்லாவற்றுக்கும் பாக்கியம் அம்மா பொட்டோடுதான் போனார். வல்லை வெளியால் வருகிறவர்கள் எனக்குச் செய்தி கொண்டுவருவார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் கலியாண வீட்டில் அவரை முன்னுக்கு வரவிடவில்லை. அவர் பின்னுக்கு இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தாராம். பொட்டை மட்டும் அழிக்கவில்லை.

மாசியில் சொல்லி அனுப்பினார். போனேன். பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி குறித்துக் கொடுத்தவர் அதே ஐயர்தான். முதல் தடவையாகச் சரியான நாளில் இராசதுரைக்குத் திவசம்.

ஐயர் வருமுன் பாக்கியம் அம்மா கிணற்றடிக்குப் போனார். பெறாமகனின் பெண்சாதி பின்னால் போக எழும்பினாள். “ஒருதரும் கிட்ட வரவேண்டாம். இதை நான் செய்யிறன்” என்றார். துலாவை இழுத்து ஒரு வாளி தண்ணீர் அள்ளினார். தலையில் வார்த்தார். தன் கையாலேயே நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

பிறகு கிணற்றுக் கட்டில் இருந்து, “ஐயோ, என்னை விட்டிட்டுப் போட்டியளே” என்று பெருங்குரலில் அழத் தொடங்கினார். அன்று காலையில் செத்த ஒருவருக்கு அழுகிற அழுகை. பெறாமகனின் பெண்சாதி சொல்லைக் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அயல் வீட்டுப் பெண்கள் வேலியைத் தாண்டி வந்தார்கள். செத்த வீட்டில் அழுவதுபோல எல்லோரும் தோளில் தோள் போட்டுக்கொண்டு அழுதார்கள்.

நானும் போய் அவர்களோடு இருந்து அழுதேன்.